ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாட்டும் இலக்கியக் கலைச்சொற்களும்

தமிழில் இலக்கியத்தைப் படிக்கக் கையாளும் கலைச்சொற்கள் ஒரே காலத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. உவமம், மெய்ப்பாடு, உள்ளுறை, கூற்று, தொடை ஆகியவை தொல்காப்பியத்தின் சொத்து. உருவகம், தற்குறிப்பேற்றம், சிலேடை போன்ற அணிப்பெயர்கள் 11-ஆம் நூற்றாண்டின் வீரசோழியத்தையும் 12-ஆம் நூற்றாண்டின் தண்டியலங்காரத்தையும் ஒட்டி நிலைபெற்றவை. இரண்டுக்கும் பின்னால் வடமொழித் தண்டியின் காவியாதர்சம் நிற்கிறது. படிமம், குறியீடு, நோக்குநிலை, நனவோடை முதலியன 20-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படிப்பின் வழியாகவும் சிறுபத்திரிகைகளின் வழியாகவும் வந்து சேர்ந்தன. இன்றைய மாணவர் இந்த மூன்று அடுக்கையும் ஒரே தேர்வுத்தாளில் சந்திக்கிறார். எந்தச் சொல் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க விருதுநகர் மாவட்டம் நல்ல இடம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கே இருக்கிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பெயர்போன சிவகாசி. சுற்றிலும் இன்றைய கரிசல் எழுத்தாளர்களின் ஊர்கள். ஆழ்வார்கள் இருவரின் காலம் 8, 9-ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கருத்து. அதாவது, தமிழ் அணியிலக்கண நூல்களில் இன்று கையில் கிடைப்பவை எழுதப்படுவதற்கு முன்பே அந்த அணிகள் இந்த ஊரில் பாட்டாகப் புழங்கிவிட்டன. பெயர் பின்னால்தான் வந்தது.

உவமையிலிருந்து தொடங்கலாம். வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்கிறது தொல்காப்பியம்: செயல் ஒத்திருக்கலாம், விளைவு ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், நிறம் ஒத்திருக்கலாம். பள்ளியில் இந்த நான்கும் ஒரு பட்டியலாக மனப்பாடம் ஆகிறது. ஆண்டாள் பாடிய திருப்பாவையின் நான்காம் பாட்டில் அதுவே கூர்மையான கருவியாகிவிடுகிறது. மழைத் தெய்வத்தை நோக்கிய பாட்டு அது. கடலுக்குள் புகுந்து நீரை முகந்து மேலேறும் மேகம் திருமாலின் மேனியைப் போலக் கறுக்க வேண்டும். அவன் கைச் சக்கரம் போல மின்ன வேண்டும். சங்கைப் போல அதிர வேண்டும். அவன் வில் விட்ட அம்புகளைப் போல மழை பொழிய வேண்டும். முதல் ஒப்புமை நிறத்தால் வந்தது. அடுத்தவை மின்னல், முழக்கம், பொழிவு என்று செயலை நோக்கி நகர்கின்றன. கடைசி ஒப்புமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்பும் மழையும் செயலால் ஒத்தவை. பயனால் நேர் எதிரானவை. அம்பு உயிரை வாங்கும், மழை உயிரைக் காக்கும். ஆண்டாள் இதைக் கவனித்திருக்கிறார் என்பதற்குப் பாட்டிலேயே சான்று உண்டு. அம்பு மழையைச் சொன்ன கையோடு, உலகம் வாழப் பெய்ய வேண்டும் என்று பயனைத் தனியே எடுத்துச் சொல்லிவிடுகிறார். வினையில் ஒன்றுபட்டுப் பயனில் பிரியும் உவமை அது. தொல்காப்பியரின் நாலு சொல்லும் கையில் இல்லாவிட்டால் இந்த நுட்பம் ‘அழகான உவமை’ என்ற பாராட்டோடு கரைந்து போயிருக்கும்.

அதே பாட்டில் இன்னொரு புரட்டும் உண்டு. திருமாலை மேகத்துக்கு ஒப்பிடுவதுதான் வழக்கம். கார்வண்ணன் என்ற பெயரே அப்படி வந்தது. இங்கே மேகம் திருமாலுக்கு ஒப்பாகிறது. வழக்கமான உவமானமும் உவமேயமும் இடம் மாறிக்கொண்டால் அதற்கு விபரீத உவமை என்று தண்டியலங்காரம் பெயர் வைத்திருக்கிறது. பெயர் தெரிந்தால் போதாது. ஏன் மாற்றினார் என்று கேட்க வேண்டும். பாடும் பெண்கள் கேட்பது மழை. கண்முன் இருப்பது வானம். ஆனால் அவர்கள் மனத்தில் நிறைந்திருப்பவன் கண்ணன். ஆகவே தெரிந்த பொருளாக அவன் நிற்கிறான், அளக்கப்படும் பொருளாக மேகம் நிற்கிறது.

மழை கேட்ட அந்தப் பாட்டு பிறந்த வட்டாரத்திலேயே, வறண்ட வெயிலை நம்பி ஒரு தொழில் பின்னாளில் வேர்பிடித்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து 1923-ல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. காயப்போட்ட வெடி உலர வானம் வெளிவாங்க வேண்டும். இந்தத் தொழில் தன் சரக்குக்கு வைத்த பெயர்களில் ஓர் அணியிலக்கண வகுப்பே அடங்கியிருக்கிறது. தரையில் சுழலும் தீச்சக்கரத்துக்குச் சங்குசக்கரம் என்று பெயர். ஆண்டாள் மின்னலுக்கும் இடிக்கும் உவமையாகக் கொண்ட அதே இரண்டு பொருள்கள்! ஆனால் இலக்கணம் வேறு. பாட்டில் ‘போல’ என்ற உருபு இருக்கிறது. மின்னலும் சக்கரமும் இரண்டாகவே நிற்கின்றன. கடையில் ‘நாலு சங்குசக்கரம் குடுங்க’ என்று கேட்பவர் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. உவமானத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இலக்கண மரபு இதை உவமையாகுபெயர் என்னும். உவமைக்கும் இதற்கும் இடையில் நிற்பது உருவகம். அதில் இரண்டு பொருளும் ஒன்று என்று சொல்லப்படும், ஆனால் கேட்பவருக்கு இரண்டும் தெரிந்துகொண்டே இருக்கும். தொல்காப்பியம் உருவகத்துக்குத் தனிப் பெயர் தராமல் உவமைக்குள்ளேயே அடக்கியது. தண்டியலங்காரம் அதைத் தனி அணியாக்கியது.

லட்சுமி வெடியும் குருவி வெடியும் வேறு கதை. லட்சுமிக்கும் வெடிக்கும் எந்த ஒப்புமையும் இல்லை. மேலே ஒட்டிய படத்தின் பெயர் வெடிக்கு ஏறியது. ஒரு பொருளின் மேல் இருப்பதன் பெயர் அந்தப் பொருளுக்கே ஆவதைத் தானியாகுபெயர் என்பார்கள்; இது அதற்குக் கிட்ட நிற்கிறது. புஸ்வாணமோ, பொறிப்பூவாகச் சொரிந்தாலும், மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் ‘ஒன்றுமில்லாமல் போனது’ என்ற பொருளுக்குத் தேய்ந்துவிட்டது. வெடிக்காதது அதன் குற்றம் போலும்.

சிவகாசியின் பட்டப்பெயர் குட்டி ஜப்பான். நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் பெயர் அது. உழைப்பையும் தொழில் திறத்தையும் புகழும் உவமையாகுபெயர். சலம் பென்னூர்க்கர் 1990-ல் எடுத்த ஆவணப்படத்துக்கு ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்த சிறுவர்களைப் பற்றிய படம். தலைப்பில் ஒரு வசைச்சொல் கிடையாது. புகழ்ச்சிப் பெயரை அப்படியே எடுத்து, பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை வைத்ததும் புகழ் வசையாகத் திரும்புகிறது. அங்கதத்தை வெளிப்படையாக வைவது, பழியை மறைத்துச் சொல்வது என்று தொல்காப்பியம் இரண்டாகப் பிரித்திருக்கிறது. பின்னதன் பெயர் பழிகரப்பு அங்கதம். இந்தத் தலைப்பைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணி என்பது மாணவர்கள் நம்ப மறுக்கும் செய்தி. தண்டியலங்காரம் பொருளணிகளைத் தொடங்குவதே தன்மை அணியில்தான். பாடநூல்கள் இதை இயல்பு நவிற்சி என்னும். திருப்பாவையில் விடியலைக் காட்டும் பாட்டுகள் இதற்குப் பொருத்தமானவை. எட்டாம் பாட்டில் கிழக்கு வெளுக்கிறது, எருமைகள் பனிப்புல் மேயக் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடப்படுகின்றன. அவ்வளவே. மாடு வைத்திருக்கும் வீட்டின் அதிகாலை அது, ஒரு சொல் கூடுதலாக இல்லை. பன்னிரண்டாம் பாட்டிலும் எருமை வருகிறது. கன்றை நினைத்த மாத்திரத்தில் அதன் மடியிலிருந்து பால் தானே வழிந்து வீட்டையே சேறாக்கிவிடுகிறது. இது தண்டியலங்காரத்தின் அதிசய அணி, பாடநூலின் உயர்வு நவிற்சி. ஒரே விலங்கு, ஒரே ஊர், இரண்டு அணி. முதலாவது நேரத்தைச் சொல்ல வந்தது. இரண்டாவது வீட்டுக்காரரின் செல்வத்தைச் சொல்ல வந்தது. எதை எங்கே அளந்து சொல்ல வேண்டும், எங்கே அளவை மீற வேண்டும் என்று கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது.

இயல்பு நவிற்சி என்று தோன்றும் இடம் சான்றாகவும் மாறக்கூடும். பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் பற்றிய குறிப்பு இருக்கிறது. மு. இராகவையங்கார் ‘ஆழ்வார்கள் காலநிலை’யில் இதை வானியல் கணக்கோடு பொருத்தி, 731-ஆம் ஆண்டைச் சுட்டினார். கவிஞர் கண்டதைச் சொன்னார் என்றால் அந்தக் கணக்கு நிற்கும். விடியலைச் சுட்டும் மரபுத்தொடராக மட்டும் சொன்னார் என்றால் நிற்காது. ஓர் அணியின் பெயரைத் தீர்மானிப்பதில் ஒரு கவிஞரின் காலமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

தற்குறிப்பேற்றம் என்றதும் பள்ளியில் எல்லாருக்கும் சொல்லப்படுவது, மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று கைகாட்டி மறித்ததாகச் சொல்லும் சிலப்பதிகாரக் காட்சி. இயற்கையாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுகிறார். ஆண்டாளின் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியின் பத்தாம் பதிகத்தில் இது இன்னும் ஒருபடி போகிறது. கோடல் பூக்கள் பூத்திருக்கின்றன. அவற்றுக்குப் போர்க்கோலம் பூட்டித் தன்மேல் ஏவிவிட்டவன் எங்கே என்று பாடும் பெண் பூக்களிடமே கேட்கிறாள். கோவைப்பழம், முல்லை, குயில், மயில், கடல் என்று குற்றச்சாட்டு நீள்கிறது. சிலப்பதிகாரத்தில் கருத்தை ஏற்றுபவர் கதைக்கு வெளியே நிற்கும் கவிஞர். பாத்திரங்களுக்கு அந்தக் கொடியின் எச்சரிக்கை கேட்பதில்லை. இங்கே கருத்தை ஏற்றுபவளே பாடுபவள். ஆகவே இதை அணியாகவும் படிக்கலாம், பிரிவால் நிலைகுலைந்த மனத்தின் பேச்சாகவும் படிக்கலாம். அணி என்று மட்டும் குறித்துவிட்டு நகர்பவர் பாதியைத் தவறவிடுகிறார்.

யார் பேசுகிறார் என்ற இந்தக் கேள்விக்குப் பழைய தமிழ் தந்த சொல் கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று அகப்பாடல்கள் பகுக்கப்பட்டன. அன்பின் ஐந்திணையில் தலைவன், தலைவியின் இயற்பெயர் வரக்கூடாது என்பது விதி. பேசுபவள் யாரோ ஒருத்தி; எழுதியவர் பெரும்பாலும் வேறொருவர். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பெண்ணாகப் பேசியபோது இந்த இடைவெளி அப்படியே இருந்தது. ஆண்டாளிடம் அது குலைகிறது. நாச்சியார் திருமொழியில் 14 பதிகங்கள், 143 பாட்டுகள். உள்ளே ‘நான்’ என்று உருகும் குரல், பதிகத்தை முடிக்கும் பாட்டில் திடீரென்று படர்க்கைக்கு மாறி, இன்னார் மகள் கோதை (ஆண்டாள்) சொன்ன மாலை இது, பாடுபவர்க்கு இன்ன பலன் என்று அறிவிக்கிறது. தன்மையில் அழுதவள் படர்க்கையில் கையெழுத்திடுகிறாள். இது பதிக மரபின் பலச்சுருதிதான். ஆழ்வார்கள் பலரிடமும் உண்டு. ஆனால் காதலியும் கவிஞரும் ஒருவரே என்று ஊர் நம்பும் இடத்தில், இந்த ஒரே பாட்டு இருவரையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. தாபத்தை உணர்ந்தவள் ஒருத்தி என்றால், அதை எண்ணிக்கை பார்த்து அடுக்கி மாலையாகத் தொடுத்தவள் இன்னொருத்தி.

ஆறாம் பதிகமான திருமணக் கனவு அந்தத் தொடுக்கும் திறமைக்கு உச்சம். யானைகள் புடைசூழ வருவதில் தொடங்கி, பந்தல், கூறைப்புடவை, காப்பு நாண், கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்று சடங்குகள் வரிசை தப்பாமல் வருகின்றன. பலச்சுருதி நீங்கலாக ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் இதைக் கனவாகக் கண்டதாகத் தோழியிடம் சொல்லும் ஒரே தொடர் திரும்புகிறது. மகுடம் என்று இசைக்காரர்கள் சொல்லும் இந்தத் திருப்பம் சுவைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. கேட்பவர் பந்தலுக்குள் போய் உட்காரும்போதெல்லாம் அது எழுப்பி, நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று நினைவூட்டுகிறது. மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் எண்ணியது. இந்தப் பதிகத்தில் உவகைக்கு அடியில் அழுகை ஓடிக்கொண்டே இருக்கிறது. வைணவ இல்லங்களில் நிஜமான கல்யாணத்தில் இதை வாழ்த்தாகப் பாடும்போது மகுடத்தின் பொருளை யாரும் பொருட்படுத்துவதில்லை. சடங்கு ஒரு கவிதையை எப்படி மாற்றிப் படிக்கும் என்பதற்கு இதுவே சான்று. பதின்மூன்றாம் பதிகத்தில் அடியில் ஓடியது மேலே வருகிறது. பயனற்ற தன் கொங்கையைப் பறித்து அவன் மார்பில் எறிவேன் என்ற இடம் கண்ணகியை நினைக்க வைக்கும். அங்கே நிற்பது வெகுளி, பக்தி அதைக் கொஞ்சமும் மெழுகவில்லை.

யாப்பைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். திருப்பாவையின் 30 பாட்டும் எட்டடிக் கொச்சகக் கலிப்பா. பல பாட்டுகளில் ஒரே எதுகை எட்டடியிலும் தொடர்கிறது. மழைப் பாட்டில் ழகரம் அடி தவறாமல் ஒலிக்கிறது. சிறுமிகள் கூட்டமாகப் பாட எடுத்த பாட்டுக்கு இந்த ஒலிக்கட்டு நினைவுக்கயிறு.

வகைமைகளில்தான் ‘பெயர் பின்னால்’ என்ற செய்தி மிகத் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைத்தமிழுக்குக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று தொடங்கிப் பத்துப் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் வகுத்தன. முழு நூலாகக் கிடைப்பவற்றுள் மூத்தது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். பெரியாழ்வாரோ கண்ணனைத் தாலாட்டியும், நிலாவைக் கூப்பிட்டும், செங்கீரை ஆடச் சொல்லியும், கைகொட்டச் சொல்லியும், தளர்நடை நடக்கவிட்டும் முன்பே பாடி முடித்துவிட்டார். அவரிடம் முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கல் இருக்கிறது, பூச்சி காட்டிப் பயமுறுத்தல் இருக்கிறது, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டல் இருக்கிறது. அவற்றுக்குப் பத்தில் தனியிடம் கிடைக்கவில்லை. விதி வந்ததும் வரிசை கிடைத்தது, புறம்புல்கல் போய்விட்டது. அரசனைப் பாட்டுடைத் தலைவனாக்கும் நூலில் பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இடம் குறைவுதான்.

தூதும் அப்படியே. காளிதாசனின் மேகதூதம் முந்தியது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் தூது என்ற தனிச் சிற்றிலக்கியம் 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியாரின் நெஞ்சு விடு தூதில் உருப்பெறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஆண்டாள் ஐந்தாம் பதிகத்தில் குயிலையும் எட்டாம் பதிகத்தில் மேகத்தையும் அனுப்பிவிட்டார். நான்காம் பதிகத்தில் வட்டமிட்டுக் குறி பார்க்கும் கூடலிழைத்தல் வருகிறது. அது பெண்கள் விளையாட்டாகவே நின்றுவிட்டது, பிரபந்த வகை ஆகவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் நம்மாழ்வாரைத் தலைவராகக் கொண்டு மாறனலங்காரம் எழுதி 64 அணிகளை வகுத்தபோது, பக்திப் பாட்டே அணியிலக்கணத்துக்கு நிலைக்களம் ஆனது. அதே நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் வில்லிபுத்தூர்க் கோதையின் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற பெருங்காவியமாக்கினார்.

உள்ளுறை என்ற சொல்லில் கவனம் தேவை. சங்கப் பாட்டில் உள்ளுறை உவமம், வெளியே மீனையும் கொக்கையும் பூவையும் சொல்லி உள்ளே தலைவன் தலைவி நிலையைக் குறிக்கும். திணையின் கருப்பொருளை விட்டு அது வெளியே போகாது. வைணவ உரைகாரர்கள் திருப்பாவைக்குச் சொல்லும் உட்பொருள் அதுவன்று. தூங்கும் பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆழ்வார், மழை பொழியும் மேகம் ஆசாரியன் என்று வரும் அந்த விளக்கத்தை ஸ்வாபதேசம் என்பார்கள். உள்ளுறைக்கு ஆதாரம் நிலம். ஸ்வாபதேசத்துக்கு ஆதாரம் சம்பிரதாயம். ஸ்வாபதேசத்தை உள்ளுறை என்று எழுதும் ஆய்வேடுகள் இரண்டையும் கெடுக்கின்றன.

நிலம் என்றதும் இன்றைய எழுத்துக்கு வர வேண்டியிருக்கிறது. முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொன்னது நிலத்தையும் பொழுதையும். பாலைக்கு வேனிலும் நண்பகலும் பொழுது, பிரிவு உரிப்பொருள். கரிசல் கதைகளைக் கண்டதும் பாலைத் திணை என்று எழுதிவிடும் பழக்கம் விமர்சனத்தில் உண்டு. கரிசல் மானாவாரி விளையும் பூமி. பருத்தியும் கம்பும் விளைந்த இடத்தைப் பாலை என்பது வெயிலை மட்டும் பார்ப்பது. மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் நெடுங்குருதி, வேம்பலை என்ற ஊரின் கதையைக் கோடைகாலம், காற்றடிகாலம், மழைக்காலம், பனிக்காலம் என்ற பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறது. பெரும்பொழுது நாவலின் கட்டமைப்பாகவே வந்திருக்கிறது. காற்றுக்கென ஒரு காலத்தை ஒதுக்கியது இந்த மண்ணின் கணக்கு. பெரும்பொழுதின் ஆறு பருவப் பட்டியலில் அது கிடையாது.

ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையில் வெயில் வேறு வேலை செய்கிறது. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மாரியம்மாள் உச்சி வெயிலில் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கிறாள். ஏன் இப்படி ஓடிவந்தாள் என்று ஆத்தாளுக்குத் திகைப்பு. வாசகருக்கும் அதே திகைப்பு. கதையின் நோக்குநிலை தாயின் திகைப்பில் தொடங்குவதால் காரணம் தள்ளிப்போகிறது. சிறுவயதில் மனத்தில் வரித்திருந்த தங்கராசு மனைவியோடு ஊருக்கு வந்திருக்கிறான் என்பதும், அவள் அழுகை தனக்கு அவன் கிடைக்காததற்காக அல்ல, அவன் சந்தோஷமாக இல்லையே என்பதற்காக என்பதும் கடைசியில்தான் விளங்கும். தலைவி கூற்றாக இதை எழுதியிருந்தால் முதல் பத்தியிலேயே கதை முடிந்திருக்கும். 2008-ல் சசி இயக்கிய ‘பூ’ இந்தக் கதையிலிருந்து பிறந்த படம்.

வட்டார வழக்கு என்ற சொல் அணிநூல் எதிலும் இல்லை. ஆனால் கரிசல் கதையைப் படிக்க அதைவிடத் தேவையான கலைச்சொல் வேறில்லை. 2007-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதை ‘மின்சாரப் பூ’வுக்காகப் பெற்ற மேலாண்மை பொன்னுசாமியும் இந்த மாவட்டத்துக்காரர். வழக்கு உரையாடலில் மட்டும் வருகிறதா, கதைசொல்லியின் நடையிலும் இறங்கியிருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. உரையாடலில் மட்டும் வந்தால் எழுதுபவர் பாத்திரங்களுக்கு வெளியே நின்று கேட்டு எழுதுகிறார். நடையிலும் வந்தால் அந்த ஊர்க்காரராகவே நின்று சொல்கிறார்.